பழைய மிலிட்டரி பைக்குக்கு ஒரிஜினல் இக்னிஷன் பார்ட்ஸ்: எதை நம்பி வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

ரெண்டாம் உலகப் போர் காலத்து பைக்கை ரெஸ்டோர் பண்றவங்களுக்கு டேங்க், மட்கார்ட், கேரியர் எல்லாம் எப்படியாவது அமைஞ்சிடும், இல்லன்னா தகரம் வெட்டி அடிச்சாவது செஞ்சுக்கலாம். பொறி வர்ற இடத்துலதான் எல்லாரும் வந்து நிப்பாங்க. வண்டி பார்க்க அப்படியே 1942ல ஃபேக்டரிய விட்டு வந்த மாதிரி இருக்கும், ஆனா கிக்கர அடிச்சா உசுரு வராது, வந்தாலும் பத்து கிலோமீட்டர்ல சூடாகி நின்னுடும். அதனால இக்னிஷன் பார்ட்ஸ் மட்டும் தனியா எடுத்து, சந்தையில கெடைக்கிறதுல எது காசுக்குத் தகுந்தது எது இல்லைன்னு எழுதுறேன். நான் வாங்கி மாட்டிப் பார்த்தது, கழட்டிப் பார்த்தது, கூட இந்த வேலை பண்ற நண்பர்கள் வண்டியில கைவெச்சது எல்லாம் சேர்த்துதான் இது.

பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியோட மேக்டைனோ பத்திதான் பேசப்போறேன், மேக்னெட்டோவும் டைனமோவும் ஒண்ணாச் சேர்ந்த சாமான். பிரிட்டிஷ் ராணுவ பைக்குகளான பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16ஹெச் ரெண்டுலயும் அதுதான். எம்20 மட்டுமே ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, 16ஹெச் ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல, அதனால இன்னிக்கு உலகத்துல எந்த மூலையில யாரு மிலிட்டரி பைக் கட்டினாலும் பாதிப் பேரு இந்த ஒரு சாமானோடதான் மல்லுக்கட்டுறாங்க. கீழ பேட்டரி இல்லாமலே பொறிய உண்டாக்குற மேக்னெட்டோ, அது தலைமேல ஒரு ஸ்ட்ராப் போட்டு இறுக்கின ஆறு வோல்ட் டைனமோ, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய ஃபைபர் பல்சக்கரம். பேட்டரி செத்தாலும், இல்லவே இல்லைன்னாலும் வண்டி ஓடும், லைட்டு மட்டும்தான் எரியாது. போர்க்களத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அன்னிக்கு இல்லை, இன்னிக்கும் நான் இதைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள எலக்ட்ரானிக் வைக்கிறத ஒத்துக்க மாட்டேன், அது அவங்கவங்க விருப்பம்.

முதல்ல என்ஓஎஸ், அதாவது அந்தக் காலத்துலயே செஞ்சு யூஸ் பண்ணாம டப்பாவுலயே கெடந்த சாமான். மெழுகுல முக்கின காகிதம், கிரீஸ் தடவின பொட்டலம், மேல பேக் பண்ண தேதியோட லேபிள், பிரிட்டிஷ் ராணுவத்தோட அந்த மூணு கோட்டு அம்புக்குறி, இதெல்லாம் பார்த்ததும் நம்ம ஆளுங்களுக்கு கை நடுங்கிடும், என்ன வெலை சொன்னாலும் எடுத்துடுவாங்க. ஆசை எனக்கும் உண்டு, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறதுல ஒரு சொகம் இருக்கு. ஆனா இக்னிஷன்ல என்ஓஎஸ்னா என்ன பொருள்ங்கிறதப் பார்த்துதான் வாங்கணும். இரும்பு, பித்தளை, பேக்கலைட், பீங்கான், இதெல்லாம் எண்பது வருஷம் டப்பாக்குள்ள இருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. காகிதம், ரப்பர், அரக்கு, இது மூணும் யூஸ் பண்ணாலும் பண்ணலைன்னாலும் வயசாகி செத்துடும். இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டா பாதிக் காசு மிச்சம்.

அதனாலதான் நேரா சொல்றேன், என்ஓஎஸ் கண்டென்சர் வாங்கவே வாங்காதீங்க. மேக்டைனோவுல கண்டென்சர் (பாயிண்ட்ல பொறி தாவாம அடக்குற சாமான்) ஆர்மேச்சர் (காயில் கட்டின, சுத்துற பகுதி) உள்ளயே ஒரு முனையில ஒளிஞ்சிருக்கும், அதை மாத்தணும்னா ஆர்மேச்சரையே பிரிக்கணும், அதனால விக்கிறவங்க பெரும்பாலும் முழு ஆர்மேச்சரா "டப்பா பிரிக்காதது"ன்னு விப்பாங்க. வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். மல்டிமீட்டர் வெச்சு அளந்தா 0.15லேர்ந்து 0.2 மைக்ரோஃபாரட் வரைக்கும் சரியா காட்டும், காயிலும் பிரைமரி (தடிச்ச கம்பிச் சுத்து) அரை ஓம் பக்கம், செகண்டரி (மெல்லிசான கம்பிச் சுத்து) அஞ்சாயிரம் ஓம் பக்கம்னு ஒழுங்கா காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க. ஆனா மல்டிமீட்டர் அளக்குறது சின்ன வோல்ட்ல. பாயிண்ட், அதாவது பிரைமரி கரன்ட்ட வெட்டுற தொடுமுனை, தெறக்குற அந்த நொடியில பிரைமரியில நூத்துக்கணக்கான வோல்ட் ஏறும், அப்பதான் உள்ள ஈரம் இழுத்த காகிதம் வழியா கரன்ட் கசிய ஆரம்பிக்கும். சூடாச்சுன்னா கசிவு இன்னும் ஜாஸ்தி. விளைவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், காலைல ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுற வண்டி சிக்னல்ல நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாது, அரைமணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். பாயிண்ட்ல பார்த்தா நீலமா, மஞ்சளா கொழுப்பான பொறி தாவும், அந்தப் பொறியப் பார்த்தாலே கண்டென்சர் போச்சுன்னு அர்த்தம், பாயிண்டும் சீக்கிரம் கருகிடும். இதை டெஸ்ட் பண்ண 500 வோல்ட் மெகர், அதாவது அதிக வோல்ட் குடுத்து இன்சுலேஷன அளக்குற மீட்டர், வேணும், அதுவும் ஆர்மேச்சரை கொஞ்சம் சூடு பண்ணிட்டு. வித்தவர்கிட்ட "மெகர் போட்டுப் பார்த்தீங்களா"ன்னு கேளுங்க, பதிலுக்கு டப்பாவோட போட்டோ இன்னும் நாலு வந்துச்சுன்னா வேணாம்னு சொல்லிடுங்க.

அரக்கு கதை இன்னொண்ணு. அந்தக் காலத்துல காயிலுக்கு இன்சுலேஷனா அரக்குதான் போட்டாங்க. இஞ்சின் சூட்டுல அது வருஷக்கணக்குல இளகி இளகி வெளிய வழிஞ்சு, ஆர்மேச்சருக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற மயிரிழை சந்துல போயி ஒட்டிக்கும். ஆறினதும் கல்லு மாதிரி. கிக்கர் அடிச்சா மேக்னெட்டோ சுத்த மறுக்கும், அந்த வேகத்துல பல்சக்கரமோ டைமிங்கோ போயிடும். ஒரு நண்பர் வண்டியில நான் கழட்டினப்போ ஆர்மேச்சர் மேல வரிவரியா பழுப்பு நிறத்துல, வெரல்ல தொட்டா பிசுபிசுன்னு, மூக்குகிட்ட கொண்டுபோனா பழைய மர வார்னிஷ் வாசனை, அது வெளிய ஒரு கீறல் கூட இல்லாத, டப்பாவுலேர்ந்து எடுத்து மாட்டின ஆர்மேச்சர். வித்தவர் பொய் சொல்லல, நிஜமாவே யூஸ் பண்ணாத சாமான்தான். வயசுதான் வேலையக் காட்டிடுச்சு.

அப்போ என்ன பண்றது? நம்ம வண்டியிலயே வந்த பழைய ஆர்மேச்சரைக் குடுத்து புதுசா காயில் கட்டி வாங்குறதுதான் என் ரேட்டிங்ல முதலிடம், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். நல்லா காயில் கட்டுறவங்க மேக்னெட்டோவுக்குன்னே இருக்காங்க, மோட்டார் ஃபேன் கட்டுற கடையில குடுத்து வாங்குற வேலை இல்லை இது, செகண்டரிக் கம்பி தலைமயிரைவிட மெல்லிசு, பல ஆயிரம் சுத்து. நான் குடுத்த எடத்துல பண்ணினது எனக்கு ரொம்பத் திருப்தி. அரக்குக்குப் பதிலா எப்பாக்ஸிய வேக்குவம்ல ஏத்தினாங்க, உள்ள இருந்த காகிதக் கண்டென்சர எடுத்துட்டு இந்தக் காலத்து நல்ல கண்டென்சர் வெச்சாங்க, பேரிங்கு மாத்தினாங்க, காந்தத்துக்கு மறுபடி சக்தி ஏத்தினாங்க, அதுக்கப்புறம் டெஸ்ட் ரிக்ல மாட்டி சூடாகுற வரைக்கும் ஓடவிட்டு, மெதுவா சுத்தும்போதும் பொறி விடாம தாவுதான்னு பார்த்துட்டுத்தான் அனுப்பினாங்க. மெதுவா சுத்தும்போதுன்னு சொன்னது முக்கியம். மேக்னெட்டோ இஞ்சின்ல பாதி வேகத்துலதான் சுத்தும், கிக்கர் அடிக்கும்போது இன்னும் மெதுவா, அந்த வேகத்துல பொறி வந்தாத்தான் அது மேக்னெட்டோ. டிரில் மிஷின்ல மாட்டி வேகமா சுத்தி "பாருங்க பொறி"ன்னு வீடியோ போடுறவங்களை நம்பாதீங்க, அந்த வேகத்துல செத்துக்கிட்டு இருக்குற மேக்னெட்டோவும் பொறி விடும்.

குறை சொல்லணும்னா காத்திருப்பு, நல்ல கை உள்ளவங்ககிட்ட எப்பவும் க்யூ நிக்கும். அதுக்காக அவசரப்பட்டு வேற எங்கயோ குடுத்துடாதீங்க. ஒருத்தர்கிட்ட கட்டி வந்த ஆர்மேச்சர் நண்பர் வண்டியில ஒரு சீசன் கூட தாங்கல, பிரிச்சுப் பார்த்தா பழைய கண்டென்சரையே திரும்ப வெச்சு கட்டியிருக்காங்க. அதனால ஆர்டர் குடுக்கும்போதே கண்டென்சர் புதுசா, என்ன வகை, எத்தன வோல்ட்டுக்கு, வாரன்டி எத்தன வருஷம்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஆர்மேச்சர நீங்களே வெளிய எடுத்து அனுப்பப்போறீங்கன்னா ஒண்ணு கேட்டுக்கோங்க. பிக்கப்ப, அதாவது ஸ்லிப் ரிங்ங்கிற சுத்துற வளையத்துலேர்ந்து பொறிய ஒயருக்கு எடுக்குற துண்ட, கழட்டிட்டீங்க, ஆனா பாடியில சின்னதா ரெண்டு ஸ்க்ரூ இன்னும் இருக்கும், ஒண்ணு எர்த் பிரஷ், இன்னொண்ணு சேஃப்டி கேப் ஸ்க்ரூ, இது ரெண்டையும் எடுக்காம ஆர்மேச்சர இழுத்தீங்கன்னா ஸ்லிப் ரிங் விளிம்பு ஒடஞ்சுடும். பழைய பெயிண்ட்டும் அழுக்கும் மூடி அந்த ஸ்க்ரூ கண்ணுக்கே தெரியாது, சில பாடியில லேபிளுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். செகண்ட்ஹேண்ட்ல வர்ற ஸ்லிப் ரிங்ல பாதி ஒடஞ்சு வர்றதுக்கு காரணமே இதுதான். ஆர்மேச்சர் வெளிய வந்ததும் பாடிக்குள்ள ஒரு இரும்புத் துண்டை காந்தத்துக்குக் குறுக்க வெச்சுடுங்க, இல்லன்னா காந்தம் சக்தி எறங்கும்.

ஸ்லிப் ரிங், பிக்கப் ரெண்டுமே இப்போ புதுசா செஞ்சு வர்றது நல்லா இருக்கு, தைரியமா வாங்கலாம். பழசுல மயிரிழை விரிசல் இருந்தாப் போதும், கார்பன் தூசு அதுக்குள்ள போய் உக்காந்து பொறி அந்த வழியாவே பாடிக்கு ஓடிடும். பிக்கப்ல மட்டும் ஒரிஜினல் பேக்கலைட்டுக்கும் ரீப்ரோ (இப்ப புதுசா செய்ற நகல்) பிளாஸ்டிக்குக்கும் பளபளப்புல வித்தியாசம் தெரியும், கண்காட்சிக்கு வைக்கிற வண்டின்னா என்ஓஎஸ் பிக்கப் தேடுறதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா அதுல அழுகுற பொருள் எதுவும் இல்லை, பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் மட்டும் புதுசா போட்டுக்கலாம். பேரிங்கு மாத்தும்போது வெளி ரேஸுக்குப் பின்னாடி வர்ற இன்சுலேட்டிங் கப்பையும் புதுசு வாங்கிடுங்க, பழசு எடுக்கும்போதே பிஞ்சு வரும்.

பாயிண்ட் செட்டுக்கு வர்றேன், இங்கதான் ரீப்ரோகாரங்க மேல எனக்கு நெஜமா கோபம். எம்20ல வர்ற மேக்டைனோவுல ஃபேஸ் கேம் வகை பாயிண்ட், அதாவது பாயிண்ட் தட்டு ஆர்மேச்சரோட சேர்ந்து சுத்தும், கேம், அதாவது மேடு பள்ளம் உள்ள வளையம், நிலையா இருக்கும், நடுவுல ஒரு சின்ன குச்சி மேல ஏறி எறங்கி பாயிண்ட்ட தெறக்கும். இந்தக் குச்சி அளவுதான் உயிர்நாடி. ரீப்ரோவுல குச்சி ஒண்ணு டைட்டா இருக்கும், ஈரம் பட்டதும் ஊதிப்போய் சிக்கிக்கிட்டு பாயிண்ட் மூடவே மூடாது, இல்லன்னா லூசா ஆடும். ஸ்பிரிங் பிளேடு தகரம் மாதிரி இருக்கும், கொஞ்சம் வேகம் ஏறினதும் படபடன்னு அடிச்சுக்கும். பாயிண்ட் முனையோட உலோகம் மெத்துன்னு, கொஞ்ச நாள்லயே ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. மாறா பழைய லூகாஸ் பாயிண்ட் செட்டு என்ஓஎஸ்ஸா கெடைச்சா கண்ணை மூடிக்கிட்டு எடுங்க, உலோகம்தான, ஒண்ணும் ஆகியிருக்காது. பாயிண்ட் முகத்துல படிஞ்ச பழைய கிரீஸ பெட்ரோல்ல கழுவிட்டு, ரொம்ப மெல்லிசான உப்புத்தாள்ல ஒரு இழுப்பு இழுத்து, 0.012 இன்ச், அதாவது 0.3 மில்லிமீட்டர் கேப் வெச்சு மாட்டினா வருஷக்கணக்குல தொட வேண்டியதில்ல. அடியில ஒரு சின்னத் திரி இருக்கும், அதுக்கு ரெண்டு சொட்டு மெல்லிசான ஆயில், அதுக்கு மேல ஊத்தினா பாயிண்ட்ல ஏறி கருகிடும். என்ஓஎஸ்ல நான் மனசார சிபாரிசு பண்ற சாமான் எது ஒண்ணுன்னு கேட்டா இந்தப் பாயிண்ட் செட்டுதான்.

இன்னும் ஒண்ணு, பாடி வாங்கும்போது சுத்துற திசை. மேக்டைனோ வெளிய பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரி இருந்தாலும் கேம் திசைக்கு ஏத்த மாதிரி வேற வேற, பாடியில அம்புக்குறி இருக்கும், அந்த அம்பு தெரியுற மாதிரி போட்டோ கேளுங்க. என் நண்பருக்கு ஒரு வியாபாரி "எம்20க்கே உள்ளது"ன்னு சத்தியம் பண்ணி அனுப்பினது வேற கம்பெனி வண்டிக்கானது, எதிர்த்திசை. திருப்பி அனுப்புறதுக்கு ஆன செலவுல ரெண்டு பாயிண்ட் செட்டு வாங்கியிருக்கலாம். லூகாஸ்காரங்க பாடியில மாடல் கூடவே மாசமும் வருஷமும் பஞ்ச் பண்ணியிருப்பாங்க, அது உங்க ஃப்ரேம் நம்பரோட காலத்துக்கு ஒத்துப்போகுதான்னு பாருங்க. வண்டியோட தேதிக்குக் கொஞ்ச மாசம் முன்னாடின்னா ரொம்பச் சரி, ஏன்னா சாமான் வந்து அப்புறம்தான வண்டி கட்டுவாங்க. போருக்குப் பின்னாடி தேதி இருந்தா ஒர்க்‌ஷாப்ல மாத்தினதா இருக்கலாம், தப்பு இல்ல, ஆனா அதை 1941 சாமான்னு சொல்லி விக்கிறவங்களுக்கு அந்த வெலை குடுக்காதீங்க. அந்த அம்புக்குறி முத்திரைய மட்டும் வெச்சு முடிவு பண்ணவே கூடாது, பஞ்ச் ஒண்ணு செஞ்சுக்கிட்டு பழைய சாமான் மேல யார் வேணா அடிக்கலாம், அடிக்கிறாங்க. முத்திரையச் சுத்தி உலோகம் புதுசா பிதுங்கி மினுங்குதா, பள்ளத்துக்குள்ள பழைய அழுக்கு இருக்கான்னு ஒரு லென்ஸ் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

ஃபைபர் பல்சக்கரத்த பத்தி சுருக்கமா. அதுக்குள்ள ஒரு கிளட்ச் இருக்கு, டைனமோ சிக்கிக்கிட்டா பல்லு ஒடையாம வழுக்கி விடுறதுக்கு. லூகாஸ் சொன்ன கணக்கு நாலுலேர்ந்து பத்து அடி-பவுண்டுக்குள்ள வழுக்கணும். துருப்பிடிச்சு இறுகிப்போன சக்கரத்த அப்படியே மாட்டாதீங்க, பல்லு தேஞ்சது எந்த வெலையிலும் வேணாம். புது ரீப்ரோ சக்கரம் நல்லாவே இருக்கு.

ஹெச்டி ஒயரும் (பிளக்குக்குப் பொறி போற ஒயர்) பிளக்கும் பலபேரு கடைசியில அலட்சியமா விட்டுடுற எடம். கறுப்பு ரப்பர் மூடின, உள்ள செப்புக் கம்பி இருக்குற 7 மில்லிமீட்டர் ஒயர்தான் வேணும். கார்பன் கோர் ஒயர் போட்டா பிக்கப்ல இருக்குற கூர் ஸ்க்ரூ ஒழுங்கா கடிக்காது, பொறி ஒயருக்குள்ளயே செத்துடும். பழைய ரப்பர் ஒயர் என்ஓஎஸ் வேணவே வேணாம், மடக்கினா வெடிச்சிடும், அதே மாதிரி பார்க்க இருக்குற புது ஒயர் கெடைக்குது. பிளக்குக்கு மட்டும் நேர்மாறா சொல்றேன், லாட்ஜ், கேஎல்ஜி பிளக்கு டப்பாவோட கெடைச்சா தாராளமா வாங்கலாம். கேஎல்ஜிங்கிறது கெனெல்ம் லீ கின்னஸ்ங்கிற ரேஸ்காரரோட பேரு, லாட்ஜ் கம்பெனிய ஆரம்பிச்சது விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜோட பசங்க. நடுவுல கழட்டி சுத்தம் பண்ற மாதிரி ரெண்டு துண்டா வர்ற அந்தப் பிளக்க கையில பிடிச்சா இப்ப செய்றதெல்லாம் பொம்மை மாதிரி இருக்கும். வாங்கும்போது பீங்கான்ல கீறல் இல்லையான்னு மட்டும் பாருங்க, கேப் 0.5 மில்லிமீட்டருக்கு மேல வைக்காதீங்க, அதுக்கு மேல போனா கிக்கர் வேகத்துல மேக்னெட்டோ தெணறும்.

அமெரிக்க ராணுவ பைக்கான ஹார்லி டபிள்யூஎல்ஏ வெச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, அவங்களுக்கு மேக்னெட்டோவே கெடையாது. ஆறு வோல்ட் பேட்டரி, ஒரு காயில், பாயிண்ட் இருக்குற ஒரு டைமர், ரெண்டு பிளக்கும் ஒரே நேரத்துல பொறி விடும், ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு சும்மா. அதனால டிஸ்ட்ரிபியூட்டர் தேவையில்ல. சிவிலியன் டபிள்யூஎல் வண்டியோட பாயிண்ட்டும் கண்டென்சரும்தான் இதுக்கும், கண்டென்சர ஸ்க்ரூ கழட்டி மாத்திடலாம், பாயிண்ட் கேப் 0.022 இன்ச். அவங்க உண்மையில தேட வேண்டியது பொறியால ரேடியோவுல இரைச்சல் வராம அடக்குற சாமான்கள்தான், ஃபில்டரு, பாண்டிங் ஸ்ட்ராப், ஒயருல வர்ற ரெசிஸ்டர். டேங்க்ல ராணுவ நம்பருக்குப் பின்னாடி எஸ்னு எழுத்து இருந்தா அந்த வண்டிக்கு இதெல்லாம் பூட்டியிருக்கணும், எஸ் மட்டும் பெயிண்ட் அடிச்சுட்டு சாமான் இல்லாம விடுறது எனக்குப் பிடிக்கல. ஜெர்மன் ராணுவ பைக்குகளான பிஎம்டபிள்யூ ஆர்75, ட்சுண்டாப் கேஎஸ்750 கட்டுறவங்க நோரிஸ் மேக்னெட்டோவோட போராடணும், அதுக்கு சாமானும் குறைவு, தெரிஞ்ச கையும் குறைவு. முழுசா இருக்குற ஒரு மேக்னெட்டோ கெடைச்ச அன்னிக்கே எடுத்து வெச்சுடுங்க.

எங்க தேடுறதுன்னு கேக்குறவங்களுக்கு, ஆன்லைன் ஏலத்தவிட நேர்ல கையில எடுத்துப் பார்த்து வாங்குற எடம்தான் எப்பவும் மேல். இங்கிலாந்துல பியூலி ஆட்டோஜம்பிள்ங்கிற பழைய வண்டிச் சாமான் சந்தை 1967லேர்ந்து நடக்குது, ஏக்கர் கணக்குல பழைய சாமான் கடை விரிச்சிருப்பாங்க, அங்க போக முடிஞ்சவங்க பையில ஒரு லென்ஸ், ஃபில்லர் கேஜ், சின்ன மெகர் எடுத்துட்டுப் போங்க. போக முடியாதவங்க, ஏதாவது ஒரு பழைய பைக் கிளப்புல மெம்பர் ஆகிடுங்க, கிளப்பு மூலமா வர்ற சாமான் பெரும்பாலும் இன்னொரு ரெஸ்டோரர் கைய தாண்டி வர்றது, ஏமாத்து குறைவு. பார்ட்ஸ் லிஸ்ட் புத்தகம் ஒரிஜினலோ பிரதியோ ஒண்ணு வாங்கிடுங்க. பிஎஸ்ஏ நம்பரு வேற, லூகாஸ் நம்பரு வேற, ஒரே சாமான ஒரு நம்பர்ல தேடினா கெடைக்காது, இன்னொரு நம்பர்ல தேடினா சும்மா கெடக்கும். லூகாஸ் நம்பர் போட்டுத் தேடினா அதே பாயிண்ட் செட்டு மத்த கம்பெனி வண்டிக்கானதுன்னு பாதி வெலைக்கு விக்கிறதப் பார்ப்பீங்க, மிலிட்டரிங்கிற ஒரு வார்த்தை சேர்ந்தா வெலை ஏறிடுது, சாமான் அதேதான்.

கையில இருக்குற காசு கம்மின்னா வரிசை இதுதான், முதல்ல காயில் கட்டுறது, அடுத்து ஸ்லிப் ரிங்கும் பேரிங்கும், அதுக்கப்புறம் என்ஓஎஸ் பாயிண்ட். தேதி ஒத்துப்போற பாடி, டப்பாவோட பிளக்கு இதெல்லாம் வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் பொறுமையா தேடிக்கலாம். யாருக்காவது எம்20க்கு ஃபேஸ் கேம் பாயிண்ட்ல குச்சி மட்டும் சரியான அளவுல செஞ்சு குடுக்குற ஆளு தெரிஞ்சா கீழ சொல்லுங்க, நான் மட்டுமில்ல, இங்க நிறைய பேரு தேடிட்டு இருக்கோம்.